விண்கலப் புறப்பரப்பை ஆராயும் ரோபோக்கள்

சுற்றுப்பாதையில் உள்ள விண்கலத்தின் வெளிப்பரப்பில் விரிசல், துளை, கசிவு முதலியவை உண்டா எனப் பார்க்கும் பணியில் இருவகை ரோபோக்கள் ஈடுபடுகின்றன: கேமராவும் லேசர் உணரிகளும் பொருத்திய இயந்திரக் கைகள், கலத்தை விட்டுப் பிரிந்து தனியே பறக்கும் சிறு கருவிகள்.

தனியே பறக்கும் கருவிகளுக்கான சோதனைகள் 1997 டிசம்பரில் நடந்தன. கொலம்பியா விண்ணோடத்தின் எஸ்டிஎஸ்-87 பயணத்தில், விண்வெளி நடையில் இருந்த வின்ஸ்டன் ஸ்காட் ‘ஏர்கேம் ஸ்பிரின்ட்’ என்ற 16 கிலோ எடையுள்ள உருண்டையை வெளியே பறக்கவிட்டார். ஓடத்துக்குள் இருந்தபடியே ஸ்டீவன் லிண்ட்ஸே அதை இயக்கிப் படம் பிடித்தார். அதே மாதத்தில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தைப் பார்வையிட அனுப்பப்பட்ட ஜெர்மனியின் ‘இன்ஸ்பெக்டர்’, திசையறியும் விண்மீன் உணரி செயல்படாததால் தோல்வியடைந்தது.

எஸ்டிஎஸ்-87 குழுவில் விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவும் இருந்தார். 2003 ஜனவரி 16 அன்று அவர் மீண்டும் கொலம்பியாவில் புறப்பட்டபோது, ஏவிய 82ஆவது விநாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்தப் பயணத்தில் ஓடத்தின் இயந்திரக் கை எடுத்துச்செல்லப்படவில்லை. இறக்கையைச் சுற்றுப்பாதையிலேயே படமெடுக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டதும் நிறைவேறவில்லை. பிப்ரவரி 1 அன்று தரையிறங்கும் வழியில் அந்தச் சேதத்தால் ஓடம் சிதறி, அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர்.

அந்த இழப்புக்குப் பிறகே புறப்பரப்புச் சோதனை கட்டாயமானது. 2005 ஜூலையில் டிஸ்கவரி விண்ணோடம், 15 மீட்டர் இயந்திரக் கையோடு ஏறக்குறைய அதே நீளமுள்ள நீட்டிப்புக் கம்பத்தையும் கொண்டுசென்றது. கம்பத்தின் நுனியிலிருந்த லேசர் உணரிகள் மூக்குப் பகுதியையும் இறக்கை விளிம்புகளையும் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தன.

2007 ஆகஸ்டில் எண்டெவர் விண்ணோடத்தின் அடிப்புற வெப்பத்தடுப்பு ஓட்டில் சுமார் 9 செ.மீ. நீளத்துக்குப் பள்ளம் விழுந்தது. லேசர் அதன் ஆழத்தையும் வடிவத்தையும் அளந்து தந்தது. அந்த அளவுகளைக் கொண்டு தரையில் சோதனை செய்த பொறியாளர்கள், பழுதுபார்க்கத் தேவையில்லை என முடிவெடுத்தனர். ஓடம் பத்திரமாகத் திரும்பியது.

விண்ணோடங்கள் 2011இல் ஓய்வுபெற்றன; ஆனால் இயந்திரக் கைகளின் சோதனைப் பணி ஓயவில்லை. 2022 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துடன் இணைந்திருந்த சோயுஸ் எம்எஸ்-22 கலத்திலிருந்து குளிரூட்டி பீறிட்டது. நிலையத்தின் இயந்திரக் கைகளிலுள்ள கேமராக்கள் கசிந்த இடத்தைப் படமெடுத்தன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையே காரணம் எனத் தெரிந்தது. அந்தக் கலத்தில் வந்த வீரர்கள் அதிலேயே திரும்பவில்லை. 2023 மார்ச்சில் அது ஆளின்றித் தரையிறக்கப்பட்டது.

கைவிடப்பட்ட பொருள்களையும் இன்று ரோபோக்கள் பரிசோதிக்கின்றன. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட ஜப்பானின் ‘அட்ராஸ்-ஜே’, 2009 முதல் சுற்றிவரும் சுமார் 11 மீட்டர் நீள ராக்கெட் பகுதியை நெருங்கி வலம்வந்தது. அட்ராஸ்-ஜே எடுத்த படங்களில், பிறகு வரும் கலம் பற்றிப்பிடிக்க வேண்டிய இணைப்புப் பகுதியில் பெரிய சேதம் எதுவும் காணப்படவில்லை.