பரட்டை அல்ல, அலைகூந்தல்: மதீனா முதல் ஒகேனக்கல் வரை



தர்மபுரி மாவட்டம் வறண்ட பூமி என்று பெயர் பெற்றது. ஆயினும் அதன் மேற்கு எல்லையில், பென்னாகரம் வட்டத்தில், காவிரி பாறைகளின் மீது விழுந்து புகைபோல் எழும்பும் ஓரிடம் உண்டு. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. ‘கல்’ என்றால் பாறை. அதுவே நம் ஒகேனக்கல். அந்தச் சாரலில் அரைமணி நேரம் நின்று திரும்பும் பெண்பிள்ளையின் முடி மெல்லியதாகவும் அலையுடையதாகவும் இருந்தால், முக்காட்டின் ஓரமெல்லாம் இழை இழையாகச் சிலும்பி நிற்கும். ஐப்பசி மழைக்காலத்தில் அரூரிலும் பாலக்கோட்டிலும் வீட்டுக்குள்ளேயே இக்காட்சியைக் காணலாம்.

அப்போது வீட்டிலுள்ளவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் சொல் ஒன்று உண்டு: ‘பரட்டைத் தலை’. சொல்பவர் மறந்துவிடுவார், கேட்ட பிள்ளை மறப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து அப்பிள்ளை, முடியை நேராக்கும் சூட்டுக் கருவியையும் ரசாயனப் பூச்சையும் தேடிச் செல்கிறாள். அல்லாஹ் அளித்த அலைகூந்தல் உண்மையிலேயே ஒரு குறையா? நம் முன்னோர் அதை எவ்வாறு பேணினர்? வரலாற்றைப் புரட்டினால் மனத்துக்கு ஆறுதலான விடை கிடைக்கிறது.

அண்ணலாரின் திருமுடி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோற்றத்தை நபித்தோழர்கள் நுணுக்கமாக விவரித்துள்ளனர். அண்ணலாரின் முடி சுருண்டு இறுகியதாகவும் இல்லை. படிந்து நேரானதாகவும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்டு, காதுகளுக்கும் தோள்களுக்கும் நடுவே தொங்கியது என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரியில் இடம்பெறும் இந்த அறிவிப்பில் வரும் ‘ரஜில்’ என்ற அரபுச் சொல், இலேசான அலையுடைய முடியைக் குறிப்பதாகும். நம் பிள்ளை எதை எண்ணி வெட்கப்படுகிறாளோ, அத்தகைய அலை அண்ணலாரின் திருமுடியிலும் இருந்தது. வீட்டில் முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம் இதுவே.

முடியின் இயல்பு குறையன்று. ஆனால் அதைப் பேணாமல் விடுவது குறையே. முடி கலைந்து கிடந்த ஒருவரைக் கண்ட அண்ணலார், தம் முடியை அமைதிப்படுத்த இவருக்கு எதுவும் கிடைக்கவில்லையா என்று வினவினார்கள். அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இச்செய்தியில், ‘ஸகன்’ என்ற வேரிலிருந்து பிறந்த சொல் ஆளப்பட்டுள்ளது. சிலும்பும் முடியை அடித்து அடக்குவதன்று, சாந்தப்படுத்துவதே அதன் பொருள். முடியுடையவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்ற அறிவுரையும் அதே நூலில் உள்ளது.

எவ்வாறு சாந்தப்படுத்தினர்? வெள்ளிக்கிழமை குளித்து, தம்மிடமுள்ள எண்ணெயைத் தேய்த்து, நறுமணம் பூசி ஜும்ஆவுக்குச் செல்வதன் சிறப்பு ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. அண்ணலார் இஃதிகாஃபில் இருந்தபோது பள்ளிவாசலில் இருந்தவாறே தலையை நீட்ட, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் அறையிலிருந்து சீவிவிட்டார்கள். ஹஜ்ஜின்போது முடி கலையாதிருக்க, பிசின் போன்ற பொருளால் படிய வைக்கும் ‘தல்பீத்’ என்னும் முறையை அண்ணலார் மேற்கொண்டதை அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் அறிவிப்பு காட்டுகிறது. இன்று கடையில் ‘ஜெல்’ என்று விற்கும் பொருளின் வேலையை அன்று பிசின் செய்தது.

அதே வேளையில் அளவும் வகுக்கப்பட்டது. நாள்தோறும் சீவிச் சிங்காரித்துக்கொண்டே இருப்பதை அண்ணலார் விரும்பாமல், இடைவெளி விட்டுச் சீவுமாறு பணித்தார்கள். அலட்சியமும் வேண்டாம், அதே வேலையாகத் திரிவதும் வேண்டாம் என்ற நடுநிலைதான் இதன் சாரம்.

இலந்தை இலையின் கதை

முடி கழுவும் பொருளும் நமக்கு அந்நியமானதன்று. மாதவிலக்குக்குப் பின் குளிக்கும் முறையைக் கேட்ட பெண்ணுக்கு, நீரும் ‘ஸித்ர்’ இலையும் கொண்டு தூய்மை செய்து, நீர் முடியின் வேர்வரை சேருமாறு தேய்க்க அண்ணலார் கற்றுக்கொடுத்தார்கள். அண்ணலாரின் மகளார் மறைந்தபோது, உம்மு அதிய்யா (ரலி) முதலிய பெண்கள் ஸித்ர் கலந்த நீரால் குளிப்பாட்டி, கூந்தலை மூன்று பின்னல்களாகப் பின்னினார்கள்.

ஸித்ர், நம் இலந்தையின் இனத்தைச் சேர்ந்த மரம். ஆகவேதான் நம் ஊர்களில் மய்யித்தைக் குளிப்பாட்ட இலந்தை இலையைத் தேடிக் கொண்டுவருகிறோம். அவ்விலையைக் கசக்கினால் மெல்லிய நுரையும் வழவழப்பும் தோன்றும். அழுக்கை நீக்கும் ‘சபோனின்’ என்ற பொருள் சீயக்காயில் இருப்பது போலவே இலந்தை இனத்திலும் உண்டு. தர்மபுரியின் புன்செய் வரப்புகளில் ஆடு மேயும் இலந்தை, உயிரோடிருப்பவர் தலைக்கும் உரியது என்பதை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

பிற்காலத்தில் இப்பேணுதல் ஒரு கலையாகவே வளர்ந்தது. குர்துபாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (மறைவு கி.பி. 1013) எழுதிய ‘அத்தஸ்ரீஃப்’ 30 பகுதிகளைக் கொண்டது. அதில் 19-ஆம் பகுதியை நறுமணம், ஒப்பனைப் பொருள்கள் ஆகியவற்றுக்கே ஒதுக்கினார். தோலையும் முடியையும் பேணுவதை மருத்துவத்தின் ஒரு கிளையாக அவர் கருதினார்.

ஷாம்பு என்ற சொல்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஒகேனக்கல் கரையில் எண்ணெய்க் கிண்ணத்துடன் காத்திருந்து, தலை முதல் கால்வரை பிடித்துவிடும் தொழிலாளர்களை அறியாதவர் இல்லை. எண்ணெயிட்டுப் பிசைந்து பிடித்துவிடும் இக்கைத்தொழிலுக்கு வட இந்தியாவில் ‘சம்பி’ என்று பெயர். அமுக்கு, பிசை என்று பொருள்படும் அந்த இந்துஸ்தானிச் சொல்லே ஆங்கிலத்தில் ‘ஷாம்பு’ ஆயிற்று.

அச்சொல்லை இங்கிலாந்தில் புகழ்பெறச் செய்தவர், 1759-ல் பாட்னாவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் தீன் முஹம்மது. கும்பெனிப் படையில் பணியாற்றிய அவர், 1784-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் குடியேறினார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, தர்மபுரி அடங்கிய பாரமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியாரின் கைக்கு மாறியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1794-ல், தீன் முஹம்மதின் பயண நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1810-ல் லண்டனில் அவர் தொடங்கிய உணவகம் நொடித்துப்போயிற்று. 1814-ல் பிரைட்டன் கடற்கரை நகருக்குச் சென்று, மூலிகை ஆவிக்குளியலும் ‘ஷாம்பு’ சிகிச்சையும் தொடங்கினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் சிகிச்சையாளராகி, 1851-ல் மறைந்தார்.

அவரைப் பற்றி நம்மவர்கள் பகிரும் செய்திகளில் இரண்டு திருத்தங்கள் தேவை. அவர் செய்தது தலைமுடிக் கழுவலன்று; உடல் பிடித்துவிடும் சிகிச்சை. தலை கழுவுதல் என்ற பொருள் அச்சொல்லுக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைத்தது. மேலும், அயர்லாந்தில் திருமணம் செய்தபோது அவர் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவத்தைத் தழுவினார். பெருமைக்காக இதை மறைத்து எழுதுவது நமக்கு அழகன்று. வரலாறும் ஓர் அமானிதமே.

அச்சொல் நம் மண்ணுக்குத் திரும்பியது பாக்கெட் வடிவில். ஷாம்பு போன்ற பொருள்களைச் சிறு பைகளில் அடைத்து ஏழையும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்ததில் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முன்னோடி. அவர் மகன் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பு, சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை சென்றது. அன்று தொடங்கி, சீயக்காய் அரைக்கும் பழக்கம் வீடுகளில் மெல்லக் குறைந்தது.

முடி ஏன் சிலும்புகிறது?

1783-ல் ஸ்விட்சர்லாந்து அறிஞர் சொசூர், காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியொன்றைப் பற்றி எழுதினார். அதன் உயிர்நாடி, எண்ணெய்ப் பசை நீக்கிய ஒரு மனித முடி! காற்றில் ஈரம் ஏறினால் முடி நீளும், உலர்ந்தால் சுருங்கும். முற்றிலும் உலர்ந்த நிலைக்கும் முழு ஈரத்துக்கும் இடையே ஏறத்தாழ 2 விழுக்காடு நீள வேறுபாடு உண்டாகும். மழைக்காலத்தில் நம் பிள்ளையின் தலையில் நடப்பதும் இதுவே. முடிக்குள்ளிருக்கும் புரத இழைகளின் மெல்லிய பிணைப்புகளை ஈரம் அவிழ்த்து வேறு வடிவில் கட்டுகிறது. வறண்டு செதில் தூக்கிய முடி, காற்றிலிருந்து ஈரத்தை ஒழுங்கின்றி இழுத்து, இழைக்கு ஒரு திசையாக வளைகிறது. ஆகவே ஈரக்காற்றில் முடி சிலும்புவதற்கு, முடிக்குள் இருக்க வேண்டிய பசை குறைந்திருப்பதும் ஒரு காரணம்.

தர்மபுரியில் இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடின நீர், ஃபுளோரைடும் மிகுதி. அதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிக்கக் காவிரி நீர் வந்தாலும், குளிக்கக் கிணற்று நீரையே பயன்படுத்தும் வீடுகள் பல. கடின நீரும் சோப்பும் சேர்ந்தால் முடிமேல் ஒரு படிவு தங்கி, அதைச் சொரசொரப்பாக்கும்.

வீட்டில் செய்யத்தக்கவை

மெல்லிய முடிக்கு எண்ணெய் மிகுந்தால் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, உள்ளங்கையில் சில துளி தேங்காயெண்ணெய் எடுத்து, முடியின் நடுப்பகுதி முதல் நுனிவரை தடவினால் போதும். தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளியான ஆய்வொன்றும் காட்டியது. உடலுக்குத் தேய்க்கும் சோப்பைத் தலைக்குத் தவிர்த்து, சீயக்காயையோ மென்மையான ஷாம்புவையோ தலைத்தோலுக்கு மட்டும் தேய்க்கலாம். கடைசியாக அலச ஒரு செம்பு குடிநீரோ மழைநீரோ கிடைத்தால் நன்று. செம்பருத்தி இலைச் சாற்றின் வழவழப்பு, சிக்கை நீக்கி முடியைப் படிய வைக்கும்.

அலைகூந்தலை உலர்ந்தபின் சீவினால் சிலும்பும். ஈரமிருக்கும்போதே அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். துண்டால் தேய்க்காமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தலையோடு முக்காடிட்டு வெளியே செல்வது முடிக்கும் தலைத்தோலுக்கும் ஏற்றதன்று. பள்ளி செல்லும் பிள்ளைகள் முந்தின மாலையே குளித்து உலர்த்திக்கொள்ளலாம். ‘கெராட்டின்’ என்ற பெயரில் முடியை நேராக்கும் பூச்சுகள் சிலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளிப்படுகிறது. அது புற்றுநோயை உண்டாக்கவல்லது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. அத்தகைய பூச்சுகளைத் தவிர்ப்பதே நலம்.

பின்னலைக் குளிப்பின்போது அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, தலையில் மூன்று கை நீர் ஊற்றினால் போதும் என்று அண்ணலார் இலகுவாக்கினார்கள். இதில் மத்ஹபுகளின் விளக்கங்கள் வேறுபடுவதால், தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

அடுத்த முறை மழையில் நனைந்து வரும் பிள்ளையை ‘பரட்டை’ என்று அழைக்க வாய் வந்தால், ஒரு கணம் நிறுத்துவோம். அவளை அருகில் அமர்த்தி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சீவிவிட்ட திருமுடியும் அலையுடையதே என்று சொல்லிக்கொண்டே சிக்கெடுத்துவிடுவோம். தம் தோற்றத்தை அழகாக்கிய இறைவனிடம், தம் குணத்தையும் அழகாக்குமாறு வேண்டியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அவ்விரண்டு அழகையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நிறைவாக வழங்குவானாக. ஆமீன்.