மகோகோவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்கள்

1879 ஜூலை 4 அன்று ஆங்கிலேயப் படை ஜூலு மன்னர் செட்ஷ்வாயோவின் தலைநகரான உலுண்டியைத் தீக்கிரையாக்கியது. அதோடு அந்த அரசவை சிதறியது. 1900இல் பிறந்த ஒரு பெண், அந்த அரசவையின் பாடல்களை 1970களில் ஒலிநாடாவுக்கு முன் அமர்ந்து எப்படிப் பாடினார்? அவர் பாடியதைக் கேட்ட நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவர் பெயர் கான்ஸ்டன்ஸ் மகோகோ காடினுஜூலு. செட்ஷ்வாயோவின் பேத்தி, மன்னர் டினுஜூலுவின் மகள், அடுத்த மன்னரான சாலமனின் தங்கை. புத்தலேசி குடித் தலைவர் மத்தோலேயின் மனைவி. தென்னாப்பிரிக்க அரசியலில் அரை நூற்றாண்டு பேசப்பட்ட மங்கோசுத்து புத்தலேசியின் தாய். ஆவணப் பட்டியல்களில் அவரைத் தேடுவோர் புத்தலேசி என்று தேடக் கூடாது. ஜூலு பெண் மணமான பிறகும் தகப்பன் பெயரோடுதான் அறியப்படுகிறாள். இளவரசி மகோகோ, கான்ஸ்டன்ஸ் மகோகோ, மகோகோ காடினுஜூலு என்று பல தலைப்புகளில் சிதறிக் கிடப்பவர் ஒரே ஆள்தான்.

ஹியூ ட்ரேசி என்ற ஆங்கிலேயர் ஆப்பிரிக்காவின் பாதியைச் சுற்றிப் பாடல் சேகரித்தவர். 1939இலேயே மகோகோவைப் பதிவு செய்தார். 1954இல் சர்வதேச ஆப்பிரிக்க இசை நூலகத்தைத் தொடங்கியவரும் அவரே. அவர் வெளியிட்ட 'ஆப்பிரிக்காவின் இசை' வரிசையில் 37ஆம் தட்டு முழுவதும் மகோகோவுக்கே உரியது. அது 1970களின் தொடக்கத்தில் வந்தபோது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. முதலில் வில்லின் ஆழ்ந்த அதிர்வு. அதன் மேல் மெல்லிய குழலோசை போல மிதக்கும் சுரங்கள். பிறகு ஆணின் குரலோ என்று ஐயுறும்படி இறங்கி ஒலிக்கும் அவர் குரல்.

அவர் கையில் இருப்பது உகுபு என்ற ஒற்றை நரம்பு வில். தென் மாவட்டத்து வில்லுப்பாட்டில் வில் மண்குடத்தின் மேல் படுத்திருக்கும். இங்கே வில் நிமிர்ந்து நிற்கும். குடத்துக்குப் பதிலாக ஒரு சுரைக்குடுக்கை வில்லின் அடிப்பக்கத்தில் கட்டியிருக்கும். நரம்பைப் பழைய நாளில் மாட்டு வால் மயிரில் முறுக்கினார்கள், பின்னாளில் கம்பி வந்தது. வலக்கையில் ஒரு புல்தண்டு. அதால் நரம்பைத் தட்டத் தட்ட ஒரே சுரம் ஒலிக்கும். இடக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நரம்பைக் கிள்ளிப் பிடித்தால் இரண்டாவது சுரம். இந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அரைச் சுரம்தான் தூரம். நம் சட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். குடுக்கையின் திறந்த வாயை மார்போடு ஒட்டியும் விலக்கியும் பிடிக்கும்போது அடிச்சுரத்துக்குள் ஒளிந்திருக்கும் மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. குழலோசை என்று நான் சொன்னது அதைத்தான்.

அரச குடும்பத்துப் பெண் என்பதால் முதலில் அரசாங்கக் காகிதங்களில் தேடினேன். டினுஜூலுவைப் பற்றி அவை மலையாகக் குவிந்திருக்கின்றன. 1890இல் அவரைச் செயின்ட் ஹெலினா தீவுக்கு நாடு கடத்தினார்கள். மகோகோவின் தாய் சிலோமோவும் உடன் போனார். அண்ணன் சாலமன் அந்தத் தீவில்தான் பிறந்தார். 1898இல் நாடு திரும்பிய குடும்பம் நொங்கோமா அருகே உசுத்து என்ற இடத்தில் குடியேறியது. மகோகோ அங்கே பிறந்தார். 1906இல் தலைவரி எதிர்ப்பில் வெடித்தது பம்பதா கலகம். அதற்குத் துணைபோனதாக டினுஜூலு மீது பழி விழுந்தது. 1907 டிசம்பரில் அவர் சரணடைந்தார். கிரேடவுன் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஷ்ரைனர் அவருக்காக வாதாடினார். பெரும்பாலான குற்றச்சாட்டுகள் நிற்கவில்லை என்றாலும் 1909இல் நான்காண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

(அந்தக் கலகத்தில் புண்பட்ட ஜூலுக்களுக்கு மருந்திட்டுச் சுமந்து சென்ற காந்தியின் குழுவில் 24 பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலியிலிருந்து விடுபட்ட தென்னிந்தியர்கள் என்று காந்தியே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வெள்ளைத் தாதிகள் தொட மறுத்த சவுக்கடிப் புண்களுக்கு நம் ஆட்கள் கட்டுப் போட்டார்கள். மகோகோவுக்கு அப்போது ஆறு வயது.)

துப்பாக்கி, கால்நடை, தூதுவன், பணம் என்று விரியும் இந்தக் காகிதங்களில் பாட்டைத் தேடுபவர் ஏமாந்துதான் போவார். ஆனால் தீர்ப்பின் நடுவில் ஒரு தடயம் கிடந்தது. டினுஜூலு செய்த பெருங்குற்றங்களுள் ஒன்று கலகத் தலைவர் பம்பதாவின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தம் வீட்டில் அடைக்கலம் கொடுத்தது. அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் சோறு போட்டார்கள் என்று நீதிமன்றம் துருவியது. ஆண்கள் போரிலும் சிறையிலும் நாடுகடத்தலிலும் காணாமல் போன காலத்தில் உசுத்து வீடு பெண்கள் நிறைந்த வீடாக இருந்தது. இதற்கு அரசாங்கமே சாட்சி சொல்கிறது. தந்தையைச் சிறைக்கு அனுப்பிய அதே வழக்கு, மகள் யாரிடையே வளர்ந்தாள் என்பதையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுத்து ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் குறிப்புகள். இவர் நேட்டால் அரசின் நீதிபதி. 1897 முதல் 1922 வரை நூற்றுக்கும் மேற்பட்ட ஜூலு முதியவர்களை உட்கார வைத்துப் பழங்கதை கேட்டு எழுதினார். அந்தத் தாள்கள் டர்பனில் உள்ள கில்லி கேம்பெல் தொகுப்பில் இருக்கின்றன. 1976 முதல் நூல்களாகவும் வந்தன. அரச புகழ்ப்பாக்கள், போர் நினைவுகள், குல வரிசைகள் என்று பெருஞ்செல்வம் அது. ஆனால் அவர் முன் அமர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். கலகத்தை அடக்கிய அரசின் பக்கம் நின்று அதன் வரலாற்றை 1913இல் நூலாக எழுதியவரும் இதே ஸ்டூவர்ட்தான். அவரிடம் மனம் திறந்து பாட உசுத்துப் பெண்களுக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? பெண்கள் வில் மீட்டிப் பாடியதைத் தேட அந்தத் தாள்கள் ஏற்ற இடமே அல்ல.

முடிச்சை அவிழ்த்தது டேவிட் ரைக்ராஃப்ட்டின் கட்டுரை. லண்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலு மொழி கற்பித்தவர் அவர். 1964இல் மஹ்லபத்தினியில் மகோகோவின் வீட்டுக்குச் சென்று பதிவு செய்தார். 1975-76இல் 'ஆப்பிரிக்க இசை' ஆய்விதழில் மகோகோவின் வில் பாடல்களைப் பற்றி நீண்ட ஆய்வொன்றை எழுதினார். பாடல், சுரக் குறிப்பு, பொருள், வில்லின் அளவு என்று எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட, பிறர் கேட்க மறந்த ஒன்றை அவர் கேட்டு எழுதிவைத்தார்: இவற்றை யாரிடம் கற்றீர்கள்? தாயிடமும் பாட்டிமாரிடமும். பாட்டிமார் என்றால் செட்ஷ்வாயோவின் கைம்பெண்கள்.

இனிக் கணக்குப் பார்ப்பது எளிது. உலுண்டி எரிந்தபோது இருபதுகளில் இருந்த ஒரு ராணி, மகோகோவுக்கு ஆறேழு வயதாகும்போது ஐம்பதைத் தொட்டிருப்பார். பாடவும் வில் பிடிக்கவும் சொல்லிக்கொடுக்கவும் தெம்புள்ள வயது. எண்பது தொண்ணூறு ஆண்டுப் பாலத்தை இரண்டே தலைமுறையில் கடந்துவிடலாம். 1883இல் எதிரணி ஜூலுத் தலைவர் சிபெபுவின் படை மீட்டெழுந்த உலுண்டியைத் தாக்கியபோது, 1879இல் இசண்ட்ல்வானாவில் ஆங்கிலேயரை வென்ற படையை நடத்திய ந்ட்ஷிங்வாயோ உட்பட மூத்த தலைவர்கள் பலர் ஒரே நாளில் மாண்டார்கள். மறு ஆண்டு செட்ஷ்வாயோவும் எஷோவேயில் இறந்தார். அவைக்களத்து நினைவைச் சுமந்த ஆண்கள் இப்படிப் போக, மிஞ்சிய நினைவு விதவைகளின் குடிசைகளில் இருந்தது. ஒரு குழந்தை அங்கே உட்கார்ந்து கேட்டது.

ஆள் சாட்சி மட்டும் போதுமா என்று ஆய்வாளர் கேட்பார். கருவியும் சாட்சி சொல்கிறது. ஜூலு பெண்களிடம் உமாக்வேயானா என்ற இன்னொரு வில் உண்டு. அதில் ஒரு கம்பி வளையம் நரம்பை இரண்டாகப் பிரிக்கும். குடுக்கை நடுப்பக்கத்தில் இருக்கும். விரல் முட்டியால் தொட்டால் மூன்றாவது அடிச்சுரமும் கிடைக்கும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடக்கே சோங்கா மக்களிடமிருந்து வந்த கருவி என்பது ஆய்வாளர்கள் ஏற்ற கருத்து. உகுபு அதற்கு மூத்தது. பழைய கூட்டு நடனப் பாடல்களில் வரும் அரைச்சுர இறக்கமும் உகுபுவின் அரைச்சுரமும் ஒன்றுக்கொன்று பொருந்துவதை ரைக்ராஃப்ட் காட்டினார். வந்தேறிய வில்லின் சுரங்களில் அந்தப் பாடல்கள் இவ்வளவு இயல்பாக உட்காரா.

மகோகோவின் மேதைமை எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். ஜூலு கூட்டுப் பாடலில் தலைவரும் குழுவும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. ஒருவர் முடிக்கும் முன்னே மற்றவர் புகுந்து, இரு சரடுகளும் முடிவின்றிப் பின்னிச் செல்லும். நூற்றுக்கணக்கானோர் கால் உதைத்து ஆடிப் பாடிய பாட்டை ஒற்றை ஆளாக எப்படிப் பாடுவது? அவர் ஒரு பகுதியைக் குரலுக்குக் கொடுத்தார், மறுபகுதியை வில்லின் மேல்சுரங்களிடம் விட்டார். ஒரு சுரைக்குடுக்கை ஊர்க்கூட்டமாக நின்று அவருக்கு எதிர்ப்பாட்டுப் பாடியது. தட்டைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: குரல் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் வில் அடுத்த வரியைத் தொடங்கியிருக்கும். பாட்டுகளை மனப்பாடமாகக் காப்பாற்றியவர் என்று மட்டும் அவரைச் சொல்வது குறைவு. அழிந்த கூட்டத்தை ஒரு கருவிக்குள் மறுபடி கூட்டியவர் அவர். காதல் பாட்டு, தாலாட்டு, சொந்தமாகக் கட்டிய பாட்டு எல்லாம் அவரிடம் இருந்தன. ஆனாலும் என் காது திரும்பத் திரும்பப் போவது இந்தக் கூட்டுப் பாடல்களிடம்தான்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. உமாக்வேயானா மணமாகாத பெண்களின் துணை. கல்யாணம் ஆனதும் அதைக் கீழே வைத்துவிடுவதே வழக்கம். அப்படியிருக்க மகோகோவின் வில் மட்டும் எப்படி ஓயாமல் ஒலித்தது? 1920களில் அண்ணன் சாலமன் அவரை மத்தோலே புத்தலேசிக்கு மணம் செய்து கொடுத்தார். அரச குலத்துக்கும் புத்தலேசி குடிக்கும் இருந்த மனக்கசப்பைத் தீர்க்க நடந்த திருமணம் அது. மத்தோலேயின் பாட்டனார் ம்ன்யாமனா, செட்ஷ்வாயோவின் தலைமை அமைச்சர். மகோகோ பத்தாவது மனைவியாக வந்தார், ஆனால் பட்டத்து மனைவியாக வந்தார். அரசன் மகளை நிறுத்தச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் இல்லை. சாதாரணக் குடியானவர் வீட்டுக்குப் போயிருந்தால் இதே திறமை கல்யாணத்தன்றே முடிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அப்படி முடிந்த வில்கள் ஏராளம்.

ரைக்ராஃப்ட் பதிவு செய்த அதே 1964இல் 'ஜூலு' என்ற ஆங்கிலத் திரைப்படம் வெளிவந்தது. அதில் செட்ஷ்வாயோவாக நடித்தவர் மகோகோவின் மகன் மங்கோசுத்து. கொள்ளுத்தாத்தாவின் வேடத்தில் மகனை உலகமே பார்த்தது. அந்தக் கொள்ளுத்தாத்தாவின் மனைவியர் சொல்லித்தந்த பாட்டைத் தாய் பாடியது சில ஒலிநாடாக்களில் அடங்கியது. எனக்கு இரண்டாவதுதான் வரலாறு.

மகோகோ 1984 நவம்பர் 21 அன்று டர்பனில் காலமானார். 2002இல் ம்சிலிகாசி குமாலோ அவர் வாழ்க்கையை ஜூலு மொழியிலேயே இசைநாடகமாக்கினார். சிபோங்கிலே குமாலோ மகோகோவாகப் பாடினார். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்க அரசு இகமங்கா தங்க விருதை அவர் பெயருக்கு வழங்கியது. இவை எல்லாம் நல்லவை, வேண்டியவை. ஆனால் மேடை இசைக்குழுவின் நடுவே உகுபுவின் அந்த அரைச்சுரம் கரைந்துவிடுகிறது. அதைக் கேட்க வேண்டுமானால் பழைய பதிவுகளுக்குத்தான் போக வேண்டும். ட்ரேசி திரட்டியவை இப்போது மக்காண்டாவில், ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில், அவர் தொடங்கிய அந்த நூலகத்திலேயே இருக்கின்றன.

இவ்வளவு தேடலும் ஒரே ஒரு கேள்வியை ஒருவர் கேட்டு வைத்ததால் கைகூடியது. தாலாட்டோ ஒப்பாரியோ நடவுப் பாட்டோ, உங்கள் வீட்டுப் பெரியவர் பாடுவதைக் கைபேசியில் பதிவு செய்கிறீர்கள் என்றால், பாட்டு முடிந்ததும் பொத்தானை அணைத்துவிடாதீர்கள். இதை யாரிடம், எந்த ஊரில், எந்த வயதில் கற்றார் என்று கேட்டு, அந்தப் பதிலையும் அதே பதிவில் சேர்த்து வையுங்கள்.