மூன்று வருஷக் கணக்கு

ரங்கூன் மொகல் தெருவில் செட்டிநாட்டு நகரத்தார் (செட்டியார்கள்) கோயிலில் தமிழ் மாதத்துக்கு ஒரு மாலை கூட்டம் நடக்கும். வருகிறவர்கள் வட்டிக்கடை ஏஜெண்டுகள். சாமி கும்பிட்ட பிறகு பேசித் தீர்க்க ஒரே விஷயம்தான் உண்டு: தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு இந்த மாதம் என்ன வட்டி? அதற்கு நடப்பு வட்டி என்று பெயர். அங்கே முடிவான விகிதத்தை வைத்து பர்மா முழுக்கக் கடைகளில் கணக்கு எழுதினார்கள். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எண்ணியபோது செட்டியார் கடைகள் சுமார் 1,650 இருந்தன. அவற்றில் புழங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர்கள் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. முதலாளிகள் கடல் தாண்டி, காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் இருந்தார்கள். லட்சக்கணக்கில் கடன் கொடுத்து, வாராக் கடனுக்கு வழக்குப் போட்டு, வயலை ஜப்தி செய்து, எல்லாவற்றையும் முதலாளி பெயரில் செய்தவர் சம்பளத்துக்கு வந்த ஒருவர். அவர் கையில் இருந்தது ஓர் அதிகாரப் பத்திரம்.

மேலாண்மை படிக்கும் மாணவர்களுக்கு இந்த நிலைமை பாடமாக வேறு பெயர்களில் வரும். அடுத்தவர் பணத்தைத் தன் பணம்போல் யார் பார்த்துக்கொள்வார் என்ற சந்தேகத்தை ஆடம் ஸ்மித் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கூட்டுப் பங்குக் கம்பெனிகளைப் பற்றி எழுப்பிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி அதற்கு நடமாடும் சாட்சி. அதன் ஊழியர்கள் சொற்பச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்த வியாபாரத்தில் கொழுத்தார்கள். 1855 வாக்கில் அமெரிக்காவின் ஈரி ரயில்வேயில் டேனியல் மெக்கல்லம் இதே தூரப் பிரச்சினைக்கு அதிகார வரிசைப் படமும் தந்தி மூலம் அன்றாட அறிக்கையும் கொண்டு விடை தேடினார். பாடப்புத்தகங்கள் அங்கிருந்து, தொழிற்சாலை வேலையை அளந்து நடத்தச் சொன்ன டெய்லருக்கும் நிர்வாகத்துக்கு விதிகள் எழுதிய ஃபயோலுக்கும் போய்விடும். செட்டிநாட்டுக்காரர்கள் கண்ட விடை எந்த அத்தியாயத்திலும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

அந்த விடையின் முதல் பகுதி வளர்ப்பு. பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டியதும் பையன் கடையில் சேர்ந்துவிடுவான். பெட்டியடிப் பையன் என்பது அவனுக்குப் பெயர். கடையைப் பெருக்குவது, தண்ணீர் கொண்டு வருவது, கடிதத்தைப் பிரதி எடுப்பது, பெரியவர் சொல்லச் சொல்லத் தொகை கூட்டுவது எல்லாம் அவன் வேலை. வட்டிக் கணக்கு தாளில் போடுவதல்ல, வாயில் வர வேண்டும். முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று. இந்தக் கீழ்வாய் இலக்கங்கள் நாக்கில் புரளாதவனுக்குக் கடையில் எதிர்காலம் கிடையாது. சில வருஷங்களில் அவன் அடுத்தாள் ஆவான். அதற்குப் பிறகு, எல்லாம் கூடிவந்தால், மேலாள். ஊரார் ஏஜெண்டு என்பது இவரைத்தான். பெரிய முதலாளிகளில் பலரும் இதே படியில் ஏறியவர்கள்தாம். பின்னால் முருகப்பா குழுமம் என்று வளர்ந்த தொழிலைத் தொடங்கிய ஏ.எம். முருகப்பச் செட்டியார் பதினான்கு வயதில் பர்மாவில் தொழில் பழகப் போனவர். 1900இல் மோல்மேனில் சொந்தக் கடை போட்டார். கீழே உட்கார்ந்து பேரேடு எழுதிப் பழகி, பிறகு அதை மேலே இருந்து படிக்கிறவரை ஏமாற்றுவது கடினம்.

இரண்டாவது பகுதி தவணை. ஏஜெண்டை ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. வழக்கமான ஒப்பந்தம் மூன்று வருஷம். நல்ல நாள் பார்த்துச் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே ஊரில் கிடைத்துவிடும். அது வீட்டுச் செலவுக்குப் போகும், அல்லது வட்டிக்குப் போடப்பட்டுக் குட்டி போடும். லாபத்திலும் ஒரு பங்கு உண்டு. மூன்று வருஷம் முடியும்போது புதிய ஏஜெண்டு வந்து இறங்குவார். பழையவர் பெட்டியையும் கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பலேறுவார்.

இந்த ஒப்படைப்பில்தான் சூட்சுமம். எந்தத் தணிக்கையாளரும் வந்து கேட்காத கேள்விகளைப் புதியவர் கேட்பார். ஏனென்றால் பழையவர் விட்டுப்போகும் வாராக் கடன் நாளை அவர் தலையில் விடியும். இன்றைய வங்கிகள் மேலாளர்களை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவதன் நோக்கமும் ஏறத்தாழ இதுவே. ஆனால் மாற்றல் உத்தரவு வந்த மேலாளருக்கு அடுத்த கிளை காத்திருக்கிறது. செட்டியார் கடை ஏஜெண்டுக்கு அப்படி உறுதி எதுவும் இல்லை. ஊர் திரும்பி, ஐந்தொகையை (இருப்புநிலைக் கணக்கை) முதலாளி முன் வைத்து, அது தேறிய பிறகுதான் அடுத்த சீட்டு. அதுவரை வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இவை வரிசையாக இருந்தன. நீளக் கூடம், தரையில் பாய், ஆளுக்கொரு குட்டை மேசை, பக்கத்தில் இரும்புப் பெட்டி. ஒரே கூரையின் கீழ் பல கடைகள். பகலில் அங்கேயே வியாபாரம், இரவில் அங்கேயே படுக்கை, சாப்பாடு பொதுச் சமையலில். குடும்பம் ஊரில். யார் என்ன செலவு செய்கிறார், யாரைத் தேடி எவன் வருகிறான், எந்தக் கடையில் கூட்டம், எதில் ஈ ஓட்டுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தது அடுத்த கடிதத்தில் காரைக்குடிக்குப் போகும். கண்காணிப்பதற்கென்று தனியாக ஆள் தேவைப்படவில்லை. சிங்கப்பூரில் 1859இல் எழுந்த டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலும் இதே வலையின் இன்னொரு முடிச்சு. கடைகள் கோயிலுக்கு மகமை என்ற பங்கைச் செலுத்தின. சச்சரவு வந்தால் பேசித் தீர்க்கும் இடமும் பெரும்பாலும் கோயில்தான். ஊரில் நகரத்தாருக்கு இளையாற்றங்குடி தொடங்கிப் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது நகரக் கோயில்கள். திருமணத்தைப் பதிவதும் அந்தக் கோயில்கள் வழியாகத்தான். கையாடல் செய்தவன் இழப்பது வேலையை மட்டுமல்ல. அவன் மகளுக்கு வரன் அமையாது.

இதை நம்பிக்கை என்று மென்மையாகச் சொல்லிப் போகிறவர்கள் உண்டு. நம்பிக்கைக்குப் பின்னால் இருந்த இறுக்கத்தையும் சொல்ல வேண்டும். பையனின் பள்ளிப்படிப்பை அது விழுங்கியது. புதுமணப் பெண்ணை மூன்று வருஷம் பெரிய வீட்டில் காத்திருக்க வைத்தது. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவல் பினாங்கு வட்டிக்கடையின் உள்ளே நம்மைக் கூட்டிப்போகும். அதில் முதலாளி, அடுத்தாள் உறவின் உஷ்ணம் தெரியும். சிங்காரமும் இளம் வயதில் இந்தோனேசியாவின் மேடானில் கடை வேலைக்குப் போனவர். எந்த ஆய்வறிக்கையும் தராத ஒன்றை அந்த நாவல் தருகிறது. உழைப்பும் நேர்மையும் இருந்தும் முதலாளியின் ஒரு சொல்லில் வாழ்க்கை திரும்பிவிடும் இளைஞனின் நிலை அது.

கடையின் பணமும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. முதலாளி போட்டது முதல் பணம். உறவினரும் பிறரும் ஒப்படைத்தது மேல்பணம். பெண்களின் சீதனப் பணமும் கடைகளில் வட்டிக்கு வளர்ந்தது. இவற்றுக்கெல்லாம் பேரேட்டில் தனித்தனிப் பற்று வரவு. தூரத்தில் இருக்கும் முதலாளிக்குக் கடை எப்படி நடக்கிறது என்று காட்டிய ஒரே கண்ணாடி இந்தப் புத்தகங்கள்தாம்.

இத்தனை கட்டுக்கோப்பும் ஒரு கேள்விக்குத்தான் விடை: ஏஜெண்டு திருடாமல் இருப்பது எப்படி? அதில் அது நன்றாகவே தேறியது. ஆனால் ஏஜெண்டுகள் அத்தனை பேரும் நேர்மையாக, ஒரே தவறைச் செய்தால்? அதற்கு அமைப்பில் இடமே இல்லை.

கீழ்ப் பர்மா 1852இல் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐராவதி டெல்டாவின் அரிசி ஐரோப்பாவுக்கு ஓடியது. சதுப்புக் காட்டை வயலாக்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் தேவை. அதைச் செட்டியார் கடை கொடுத்தது. அடமானம் நிலம், திருப்பிக் கட்டுவது நெல் விற்ற காசில். ஒரு கடைக்கு இது தேர்ந்த வியாபாரம். நூற்றுக்கணக்கான கடைகளும், ஒரே பள்ளியில் படித்த மேலாட்களைக் கொண்டு, ஒரே பயிரை நம்பி, ஒரே வகை அடமானத்தின் மேல் கொடுத்தபோது மொத்தப் பணமும் நெல் விலையில் தொங்கியது. மாற்றிச் சொல்ல ஆள் இல்லை. கிட்டங்கியில் பக்கத்து மேசைக்காரரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் லாபம் காட்ட வேண்டிய ஏஜெண்டு முப்பது வருஷ ஆபத்தை ஏன் கணக்கிடப் போகிறார்?

1930இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பி வருவது நின்றது. வேறு வழியில்லாமல் கடைகள் நிலத்தை எடுத்துக்கொண்டன. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு, 1937இல் நூற்றுக்கு 25. ஐந்தொகையில் அது சொத்தாக ஏறியது. நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கண்ணில் அது பறிமுதல். இரண்டு பேரும் பார்த்தது ஒரே வயலைத்தான். 1942இல் ஜப்பான் படை நுழைந்ததும் கடைகள் மூடப்பட்டன. பர்மா விடுதலை பெற்ற 1948இலேயே நில தேசியமயச் சட்டம் வந்தது.

எல்லாரும் அதுவரை உட்கார்ந்திருக்கவில்லை. முருகப்பச் செட்டியார் குடும்பம் முப்பதுகளிலேயே முதலீட்டை இந்தியாவுக்குத் திருப்பியது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடங்களில் கதவு திறந்தது. பெட்டியடியில் வளர்ந்த உறவுக்காரருக்குப் பதில், விண்ணப்பம் போட்டு வேலைக்கு வந்த குமாஸ்தாக்கள் அங்கே பேரேடு எழுதத் தொடங்கினார்கள். 1949இல் முருகப்பா குடும்பம் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது. அதற்கான ஆலை அம்பத்தூரில் எழுந்தது. கடல் கடந்த ஓர் ஏஜெண்டை அல்ல, ஒரே கொட்டகையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை, ஷிப்டு ஷிப்டாக, இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடாக நடத்த வேண்டியிருந்தது. சம்பளச் சீட்டும் கிட்டங்கியும் அதற்கு உதவவில்லை. டெய்லரின் புத்தகத்தைத் திறக்க வேண்டிய நேரம் செட்டிநாட்டு முதலுக்கு அப்போதுதான் வந்தது.