வீட்டில் ஓடியது, அளத்தில் நின்றது

மரக்காணம் உப்பளத்தில் ஒரு பம்ப் கன்ட்ரோலர் வச்சேன். சிமுலேட்டரில் சுத்தமாக ஓடிய நிரல், அங்கே தானாக ரீசெட் ஆனது. பாத்திக்கு அன்னைக்கு உப்புநீர் ஏறலை.

1975 நினைவுக்கு வந்தது. ஆல்டேர் 8800 கையில் இல்லாமலே, பி.டி.பி-10 கணினியில் இன்டெல் 8080-க்குச் சிமுலேட்டர் எழுதினார் பால் ஆலன். பில் கேட்ஸோடு எழுதிய பேசிக்கை அதில்தான் சோதித்தார்கள். நிஜ இயந்திரத்திலும் ஓடியது. அது தர்க்கம் மட்டுமே உள்ள நிரல்.

அதே பத்தாண்டில் வந்த இன்டெல்லின் ஐ.சி.இ-80 எமுலேட்டரோ, சில்லைக் கழற்றி அந்தச் சாக்கெட்டிலேயே கேபிளைச் செருகும். சுற்றியுள்ள போர்டு நிஜம்.

அதன் இன்றைய வாரிசான டீபக்கரை அளத்திலேயே மாட்டினேன். ரீசெட் காரணம்: பிரவுன்-அவுட். வயர் முனை உப்பரித்து, மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் விழுந்திருக்கு. சிமுலேட்டருக்கு உப்பு தெரியாதே!

இப்போ தர்க்கத்தை வீட்டிலேயே பார்த்துடுவேன். மோட்டார் சேர்ந்தால் டீபக்கரோடு அளத்துக்குத்தான்.