ஜி.எஸ்.டி. ரோட்டு டயர் கணக்கு

"அங்கிள், கம்பெனி சைஸ் வேணாம். கொஞ்சம் அகலமாப் போட்டுக் குடுங்க." படாளம் கூட்ரோட்டில் நான் டயர் கடை வைத்திருந்த காலத்தில் ஸ்விஃப்ட்காரப் பையன்களிடம் அதிகம் கேட்ட பேச்சு இது. ஏதோ அவர்கள் தலைமுறையில் முளைத்த ஆசை போலக் கேட்பார்கள். எங்கள் செங்கல்பட்டுச் சீமையில் இந்த ஆசைக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அதற்குக் காரணம் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி.

1961இல் அங்கிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளியே வந்தது. இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டின் வாரிசு. இன்ஜின் வெறும் 948 சிசிதான். ஆனால் ரெண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, பின்னால் சின்னதாக வால் தூக்கிய வடிவம். அம்பாசடரும் பியட்டும் குடும்பஸ்தர்களின் வண்டி என்றால் இது இளவட்டங்களின் வண்டி. வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க மெட்ராஸிலிருந்து ஹெரால்டில் வந்தவர்களைச் சுற்றிப் பையன்களாகிய நாங்கள் நின்றதுண்டு. நாரையை நாங்கள் தினமும் பார்க்கிறோம், ஹெரால்டு எப்போதாவதுதானே!

அதன் டயர் 5.20-13. அம்பாசடருக்கு 5.90-15, பியட்டுக்கு 5.20-14. ரிம் மூன்றும் மூன்று அளவு. அதனால் அவசரத்துக்கு ஒன்றின் டயர் இன்னொன்றுக்கு ஏறாது. அம்பத்தூரில் டன்லப் ஆலை 1959இல் வந்தது. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., 1961இல் டயருக்கு வந்தது. அப்படியும் டயர் நினைத்த நேரத்தில் கிடைக்கிற சரக்காக இல்லை. மொட்டையானதை ரீட்ரெடிங் கொடுத்து ஓட்டினார்கள். எங்காவது வெளிநாட்டு வண்டிக்கு வந்த 5.60-13 கிடைத்தால் அதை வாங்கி மாட்டினார்கள். சைஸ் மாற்றுவது இங்கே தட்டுப்பாட்டில் தொடங்கிய பழக்கம். ஷோக்கு அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

பெரிய டயர் மாட்டிய ஹெரால்டைக் கண்டுபிடிக்க எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். ஹெரால்டின் பானட் மற்ற கார்களைப் போல மூடி மட்டும் திறப்பதில்லை. இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமாகக் கவிழும். சக்கரம், ஸ்பிரிங், ஸ்டியரிங் ராடு எல்லாம் பட்டவர்த்தனமாக நிற்கும். அவர் சக்கரத்தைப் பார்க்க மாட்டார். கவிழ்ந்த மட்கார்டின் உட்புறத்தை விரலால் தடவுவார். சேறு படிந்த இடத்தில் ஒரு பிறை மட்டும் பளபளவென்று இருந்தால், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் அங்கே உரசுகிறது என்று அர்த்தம். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்புகிற வண்டி. முன்சக்கரம் அவ்வளவு ஒடியும். அந்தச் சௌகரியமே அகல டயருக்கு எமன்.

பின்பக்கச் சமாச்சாரம் இதைவிட மோசம். அதன் பின் ஆக்சில் நடுவில் கீல் வைத்ததுபோல் இரண்டு பாதியாக ஆடும். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்து ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும். டயர் வழுக்கினால் தப்பித்தோம். ரோட்டை நன்றாகக் கவ்வினாலோ, கவ்விய இடத்திலேயே வண்டி எம்பும். யுத்தகால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பார்த்துவிட்டு, நல்ல கிரிப் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கு இது புரியவில்லை. கம்பெனிக்குப் புரிந்தது. 1972இல் கெசல் என்று பேர் மாற்றி வந்த வண்டியில், அதே 948 சிசி இன்ஜினோடு, பின்னால் நேர் ஆக்சில் போட்டுவிட்டார்கள்.

1977இல் ஜே.கே. டயர் இந்தியாவில் ரேடியல் கொண்டுவந்தது. அப்போது நடந்த கூத்து தனி. காசு குறைவு என்று முன்னால் இரண்டு ரேடியல், பின்னால் பழைய நைலான் என்று கலந்து கட்டினார்கள். மூக்கு ரோட்டைப் பிடிக்கும், வால் பிடிக்காது. மழையில் வண்டி தட்டாமாலை சுற்றும். ஸ்டாண்டர்டு கம்பெனியின் கடைசி கார், 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, மூன்று வருஷத்தில் முடிந்துபோனது. பிறகு அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலை நகரில் ஃபோர்டு வந்து 1999இல் ஐகான் விட்டதும் பழைய வியாதி திரும்பியது. இந்தத் தடவை அலாய் வீலோடு.

ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டு கணக்கைச் சொல்கிறேன். 2005 மாடலில் வந்த ஒரு சைஸ் 185/70 ஆர் 14. அகலம் 185 மில்லிமீட்டர். அதில் 70 சதவீதம், அதாவது 129.5, சைடுவாலின் உயரம். இரண்டு பக்கச் சைடுவாலையும் ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் ஏறக்குறைய 615. 195/60 ஆர் 15 போட்டாலும் அதே 615தான் வரும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் இழுவை மாறாது. நல்ல மாற்றம் என்றால் இதுதான். இன்னும் ஆசைப்பட்டு 205/50 ஆர் 16க்குப் போனால் விட்டம் 611, அதுவும் பாதகமில்லை. ஆனால் சைடுவால் 102.5க்கு இறங்கிவிடும். 27 மில்லிமீட்டர் ரப்பரைக் கொடுத்து அழகை வாங்குகிறோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வர அந்த வியாபாரம் கட்டுப்படியாகும். படாளத்தில் திரும்பி ஏரிக்கரை வழியே எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்குக் கட்டாது. வேடந்தாங்கலில் பறவை சேர்வதே வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகுதான். ரோட்டுக் குழியில் தண்ணீர் நிற்கிற காலமும் அதுவே. ஆழம் கண்ணுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சைடுவாலில் எலுமிச்சை அளவு வீங்கிக்கொண்டு என் கடைக்கு வந்த டயர்களில் முக்கால்வாசி அந்த மெல்லிய ரகம். வீங்கிய டயருக்கு ஒட்டுப் போட முடியாது. உள்ளே நூல் அறுந்துபோயிருக்கும். தூக்கிப் போட வேண்டியதுதான்.

சைஸ் மாற்றுகிறவர்கள் மாற்றுங்கள், நான் தடுக்கவில்லை. விட்டத்தைக் கணக்குப் பார்த்து, உங்கள் ரிம்மின் அகலத்துக்கு அந்த டயர் ஒத்துப்போகுமா என்று கேட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னியும் அதே விட்டம்தானா என்று கடையை விட்டுக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.