இறக்கி வைக்க ஓர் இடம்

கிருஷ்ணகிரியில் கம்பெனி பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஓசூரில் ஷிப்டுக்குப் போய்விடலாம். இந்தப் பக்கம் பாரமகால் என்று அழைக்கப்பட்ட காலத்தில் அதே தூரம் ஒரு மலையேற்றம். கீழே கிருஷ்ணகிரி, மேலே, ஏறக்குறைய 3000 அடி உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் ஓசூர். பொதிமாட்டுக்கு வழியில்லாதவர் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தார்.

அப்படிச் சுமந்தவர்களுக்காகத் தமிழகத்துப் பழைய சாலையோரங்களில் நடப்பட்டதுதான் சுமைதாங்கிக் கல். செங்குத்தாக இரண்டு கல், அவற்றின் மேல் படுக்கையாக ஒரு கல். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக வழிப்போக்கரின் சுமையை அந்தக் கல் வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

கல்லின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். அது ஆளின் தோளை ஒட்டி நிற்கும். மூட்டையைத் தரையில் இறக்கினால் மறுபடி குனிந்துதான் தூக்க வேண்டும். தூக்கிவிட இன்னொரு ஆளும் வேண்டும். முதுகுத்தண்டின் அடிப்பகுதி பெரிதும் அடிபடுவது பாரத்தோடு குனிந்து நிமிரும் அந்த நொடியில்தான். கல்லின் மேலோ மூட்டையை நகர்த்தி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தலைக்கு நகர்த்திக்கொண்டு நடக்கலாம். குனியவே வேண்டாம். அந்தக் கல்லை நட்டவர்கள் சுமப்பவனுக்குப் புத்தி சொல்லவில்லை. அவன் வழியைத் திருத்தினார்கள்.

1971இல், தொழில் வளாகங்களை அமைக்கும் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் தொடங்கியது. பெங்களூருக்குப் பக்கத்தில், அன்று தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூர், அதன் பெரிய தொழில் வளாகங்களில் ஒன்றானது. 1980 வாக்கில் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் வந்தன. சில ஆண்டுகளில் டைட்டன் கைக்கடிகாரம். கேழ்வரகுக் கொல்லையில் களையெடுத்தவர்களின் பிள்ளைகள் லைனில் நின்றார்கள். கொல்லை வேலையும் இடுப்பை ஒடிக்கும். ஆனால் உழவு, களை, அறுப்பு என்று அது பருவத்துக்குப் பருவம் மாறும். லைனில் அதே போல்ட், அதே திருப்பு, ஷிப்டு முழுக்க. கடிகார வேலையில் தூக்க எடையே இல்லை. கழுத்து மட்டும் குனிந்தே இருக்கும். உட்கார்ந்தே தைக்கும் தையல்காரரும் செருப்புத் தைப்பவரும் கூன் விழுவதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாட்ஸினி 1700இல் வெளியிட்ட நூலிலேயே எழுதிவிட்டார்.

சட்டமும் முன்பே வந்துவிட்டது. காயம் உண்டாக்கும் அளவு பாரத்தை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு. நின்றே வேலை செய்பவர்களுக்கு, இடைவெளி கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்றது 44ஆம் பிரிவு.

எவ்வளவு பாரம்? வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ வரை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1991இல் வகுத்த கணக்கு 23 கிலோவோடு நின்றுவிடுகிறது. அதுவும் பாரம் உடம்பை ஒட்டி, இடுப்புக்குச் சற்றுக் கீழான உயரத்தில், உடம்பைத் திருப்பாமல் தூக்கும்படி இருந்தால்தான். தரையிலிருந்து எடுத்தால் அளவு இன்னும் குறையும். நம் ஊர் லோடுமேன் லாரியிலிருந்து இறக்கும் சிமென்ட் மூட்டை 50 கிலோ.

இடுப்பு பிடித்துக்கொண்டால் பெல்ட் கட்டிக்கொள்ளச் சொல்வது எங்கும் வழக்கம். பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அதே அமெரிக்க நிறுவனம் 1994இல் அறிவித்தது. மூட்டையைச் சிறிதாக்குவது, தரையில் கிடக்கும் பெட்டியை மேசை உயரத்துக்கு ஏற்றுவது, தள்ளுவண்டி தருவது, ஆளை வேலைக்கு வேலை மாற்றுவது: இவைதான் ஆலைக்குள் நடவேண்டிய சுமைதாங்கிகள்.

ஆலைக்கு 1948இல் வந்த இருக்கை கடைவீதிக்கு வர இன்னும் 73 ஆண்டுகள் ஆயின. ஜவுளிக்கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பின் கேரளம் 2018இல் வழிகாட்டியது. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியருக்கு உட்காரும் உரிமையைத் தந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் அமைந்துவந்த ஓலா ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்ற அறிவிப்பு வந்ததும் அதே மாதம்தான். நிற்கும் கால்களில் பெண்களின் பங்கு இந்த வட்டாரத்தில் கூடிக்கொண்டே போகிறது.

ஒரு குறை அப்படியே இருக்கிறது. ஆலை நிர்வாகமும் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய்கள் என்று 1948 சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 29 நோய்களைச் சொன்னது. ஈய நஞ்சு உண்டு, இரைச்சலால் வரும் காதுகேளாமை உண்டு, முதுகுவலி இல்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுப்பின் அட்டவணையிலும் அதற்கு இடமில்லை. தெரிவிக்கும் கடமை இல்லாததால் ஓசூரில் எத்தனை பேர் முதுகைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்டார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போகிறது. அந்த அட்டவணையில் முதுகுவலியை அரசு சேர்க்க வேண்டும்.