கண்புரை ஆபரேஷனும் கண் வறட்சியும்

கண்புரை ஆபரேஷன் முடிந்த நண்பர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான். "பார்வை பளிச்சென்று இருக்கு சார், ஆனா மணல் விழுந்த மாதிரி உறுத்துது." சிலருக்குத் தண்ணீராய்க் கொட்டும். வறண்ட கண்ணில் தண்ணீர் கொட்டுவது வேடிக்கைதான். உறுத்தல் தாங்காமல் சுரக்கும் அந்த நீர் கண்ணில் தங்குவதில்லை.

இது இன்று வந்த வியாதி அல்ல. 1970களில் என் அம்மாவுக்குக் கருவிழியின் விளிம்பில் ஏறக்குறைய பாதி வட்டம் அறுத்து, லென்ஸை முழுதாக வெளியே எடுத்துத் தையல் போட்டார்கள். பல நாள் அசையாமல் படுக்கை, அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடி. அம்மாவும் மணல், மணல் என்றுதான் புலம்பினாள். தையல் உறுத்துகிறது என்று சமாதானம் சொன்னார்கள். உறுத்தியிருக்கும்தான். ஆனால் கருவிழிக்கு உணர்ச்சி தரும் நரம்புகள் அந்த விளிம்பு வழியாகவே உள்ளே போகின்றன. அவை அறுபட்டால் கண்ணீர் சுரப்பதும் இமைப்பதும் குறையும்.

1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் பிளாஸ்டிக் லென்ஸ் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் கெடுதல் செய்யாமல் கிடந்ததைப் பார்த்து வந்த யோசனை அது. 1967இல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன், பல் டாக்டரின் அல்ட்ராசோனிக் கருவியைப் பார்த்து, புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி, நம்மைப் போல ரிட்டையர் ஆன பிறகு, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அங்கே ஆரோலேப் வந்து, லென்ஸ் ஏழைக்கும் எட்டியது. 10, 12 மில்லிமீட்டர் அறுத்த இடத்தில் இன்று 3 மில்லிமீட்டர்கூட வேண்டாம்.

காயம் சுருங்கியும் வறட்சி முழுதாக விடவில்லை. பெரும்பாலும் ஏற்கெனவே பாதி வறண்டிருந்த கண்தான் ஆபரேஷனுக்குப் பின் படுத்துகிறது. வயது ஒரு காரணம். சர்க்கரை, மாதவிடாய் நின்ற பெண்கள், இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்தவர்கள், அலர்ஜிக்கோ மனச்சோர்வுக்கோ நெடுநாள் மாத்திரை போடுகிறவர்கள், எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். மூட்டுவாதத்துக்கும் கண் வறட்சிக்கும் உள்ள உறவை ஸ்வீடன் டாக்டர் ஷோக்ரென் 1933லேயே எழுதிவிட்டார். போதாததற்கு, ஆபரேஷனுக்குப் பின் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றில் கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனமும் கண்ணைக் காய வைக்கும். பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் தணிந்துவிடும்.

கண்ணீரை அளக்கும் வழி 1903லேயே வந்துவிட்டது. ஷிர்மர் என்ற ஜெர்மன் டாக்டர், கீழிமையில் ஒரு தாள் துண்டைச் செருகி, 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார். என் முதல் கண்ணுக்கு லென்ஸ் பவரை இரண்டு முறை அளந்தார்கள். இந்தத் தாளை யாரும் எடுக்கவில்லை. நாலு மாதம் எரிந்தது. இரண்டாவது கண்ணுக்கு வேறு டாக்டர். தாள் 6 மில்லிமீட்டர்தான் நனைந்தது. ஒரு மாதம் இமைக்கு வெந்நீர் ஒத்தடம், ரசாயனம் சேராத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. அதற்கப்புறம்தான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்.